கொதிக்கிறார் மாமா!

நான் பி.காம். பற்று, வரவு தவிர வேறு எதையும் கழற்றி மாட்டத் தெரியாதவன். ஸ்கூட்டர் நின்று போனால் பிளக்கைத் துடைத்துக் கிளப்புகிறவர்களைப் பார்த்து கன்னத்தில் போட்டுக் கொள்கிற ரகம். அப்படிப்பட்ட என்னை மாமா தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கொண்டு ஏற்காடு கிளம்பினார். வண்டிக்கு 18 வயது. ஓட்டுப் போடலாம்.

மாமாவுக்குத் தொழில், சேலத்தில் காய்கறி வாங்கி மலை மேலிருக்கும் ஓட்டல்களுக்குக் கொடுப்பது. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. பன்னிரண்டாவதில் திரும்பும்போது ஹீட் முள் சிவப்பைத் தொட்டது. அடுத்த நிமிஷம் பானெட்டுக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி.

நான் வீரமாக இறங்கி, துண்டைச் சுற்றிக் கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். பளீரென்று ஓர் அடி விழுந்தது. மாமா!

"கையை எடுறா மாப்ள!" என்றவர் முழுக்கைச் சட்டையைச் சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுருங்கிய தோல். "இருபது வயசுல நானும் இப்படித்தான் தொறந்தேன்."

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இன்ஜின் ஹெட் விரிசல் விடும் என்றார். பின்னால் கொத்தமல்லி தலை சாய்ந்து கொண்டிருந்தது. மேலே போனதும் ஓட்டல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "இது நாலாவது தடவைங்க. நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார். மாமா ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போதும் பேசவில்லை.

அதற்குள் மூன்று மெக்கானிக்குகள் பார்த்தாகி விட்டது. முதலாமவர் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க?" என்றாராம். இரண்டாமவர் ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தார். மூன்றாமவர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "ஹெட் கேஸ்கெட்." ரூபாய் 25,000. அத்தையின் சங்கிலி அடகுக் கடைக்குப் புறப்படத் தயாராக இருந்தது.

எனக்குத் தெரிந்தது கணக்குதானே? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். தேதி, லோடு, முள் எங்கே ஏறியது, எத்தனை லிட்டர் ஊற்றினோம். மாமா சிரித்தார். ஆனாலும் ஒழுங்காக எழுதினார்.

ஒன்பது நடைக்குப் பிறகு நோட்டு பேசியது. ஊருக்குள் சொட்டுத் தண்ணீர் குறையவில்லை. லோடு இல்லாமல் நாமக்கல் போய் வந்தாலும் குறையவில்லை. லோடோடு மலை ஏறினால் மட்டும் இரண்டு லிட்டர் காணோம். காலையில் வண்டிக்கு அடியில் தரை காய்ந்தே இருக்கிறது.

அடிவாரத்து டீக்கடையில் ஒரு பழைய லாரி டிரைவரிடம் நோட்டைக் காட்டினேன். ஒரு டீக்கு அவர் சொன்ன பாடம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. சிக்னலில் நிற்கும்போது சூடாகி, ஓடினால் தணிந்தால் ஃபேன் பக்கம் பார்க்க வேண்டும். ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கலாம். தொளதொளவென்றால் வாட்டர் பம்ப் சரியாகச் சுற்றாது. ஏற்றத்தில் மட்டும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, அல்லது தண்ணீர் எங்கோ தப்பிக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால்? "ஆறின வண்டியில மூடியத் தொறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. தண்ணியில விடாம குமிழி வந்தா சந்தேகப்படுங்க. ஆயில் குச்சியில பால் டீ கலர் இருந்தாலும் அதேதான்."

பார்த்தோம். குமிழி இல்லை. ஆயில் கறுப்பாக, ஆயில் மாதிரியே இருந்தது.

அன்று ராத்திரி வீட்டில் குக்கர் விசிலே அடிக்கவில்லை. ஓரத்தில் ஆவி கசிந்து, தண்ணீர் வழிந்து, பருப்பு அடிப் பிடித்தது. "கேஸ்கெட் செத்துப் போச்சு. ஆவி நிக்காம எப்படி வேகும்? நாலு நாளா சொல்றேன், ஒண்ணு வாங்கிட்டு வரத் துப்பில்ல" என்றாள் மனைவி. நான் அப்படியே நின்றேன்.

ரேடியேட்டர் மூடியும் குக்கர் மூடிதான், ஐயா! ஆவியை அடக்கி வைப்பதால்தான் உள்ளே தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி செத்தால் சாதாரணப் பாத்திரம். மலை மேல் காற்றழுத்தம் குறைவு வேறு. ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்து விடும். லோடு இழுக்கிற இன்ஜினுக்கு அந்தச் சூடு சர்வ சாதாரணம். சமவெளியில் சமர்த்தாக ஓடுகிற வண்டி பன்னிரண்டாவது வளைவில் பொங்குவதற்கு வேறென்ன வேண்டும்?

விடிந்ததும் ஆறிய வண்டியின் மூடியைக் கழற்றினோம். உள்ளே ரப்பர், வற்றல் மாதிரி சுருங்கி வெடித்திருந்தது. மூன்று மெக்கானிக்குகளும் அந்த மூடியைத் திறந்துதான் தண்ணீர் பார்த்தார்கள். மூடியை ஒருவரும் பார்க்கவில்லை!

பழைய மூடி மேலிருந்த அதே எண்ணில் புது மூடி, 250 ரூபாய். தூக்கி எறிந்த தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதுசு ஒன்று. பல இன்ஜின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் திரும்பி விடுமாம். போர் தண்ணீருக்கு முழுக்கு. உப்புப் படியாமல் இருக்க கூலன்ட்.

அடுத்த நடை, முழு லோடு. இருபதாவது வளைவிலும் முள் பாதியைத் தாண்டவில்லை. மாமா என் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு நாள் வலித்தது. ஓட்டல்காரர் மட்டும் இன்னும் முழுசாக நம்பவில்லை. இப்போதைக்குப் பாதி ஆர்டர்.

அதற்கப்புறம் வண்டியில் சின்னச் சத்தம் கேட்டாலும் மாமா எனக்குத்தான் போன் பண்ணுகிறார். ஆனால், "அம்மிணி இருக்குதா? போனைக் குடு" என்கிறார். போன வாரம் கியர் பாக்ஸில் ஏதோ கரகரப்பாம். இவள் மிக்ஸி ஜாரைக் கையில் வைத்துக் கொண்டு வெகுநேரம் விளக்கிக் கொண்டிருந்தாள்.