மருந்தும் அளவும்

நோய் எதிர்ப்பாற்றல் என்றவுடன் அம்மையும் காலராவுமே நம் நினைவுக்கு வருகின்றன. வெளியிலிருந்து வரும் கிருமியை மட்டுமன்றி, உள்ளேயே நெறி பிறழும் உயிரணுவையும் அவ்வாற்றல் கண்காணிக்கிறது.

நம் உயிரணுக்கள் தம்முள் உருவாகும் புரதங்களின் துணுக்குகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. ‘டி’ அணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்கள் அவற்றைச் சோதித்தவாறே உலவுகின்றன. மரபணு மாறிப் புற்றாகிய அணுவில் அத்துணுக்குகளும் மாறியிருக்கக்கூடும். அதனை அடையாளங்கண்ட டி அணு, புற்றணுவின் சவ்வைத் துளைத்து, அதனை மடியச் செய்யும் நொதிகளை உட்செலுத்துகிறது.

அவ்வாறாயின் புற்று வளர்வது எங்ஙனம்? காவலர் வரம்பு மீறி நல்லணுக்களைத் தாக்காதிருக்க, டி அணுவின்மேல் ‘பிடி-1’ என்னும் தடை அமைந்துள்ளது. புற்றணுக்கள் பல அத்தடையை இயக்கிக் காவலரைச் செயலிழக்கச் செய்கின்றன. ஜப்பானிய அறிஞர் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வுக்கூடம் பிடி-1ஐ 1992இல் கண்டறிந்தது. இத்தகைய மற்றொரு தடையை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனோடு அவர் 2018ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பிடி-1 தடையை விலக்கும் மருந்துகளுள் ஒன்று நிவோலுமாப். அதன் விலையோ ஏழைக்கு எட்டாதது. புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்று மலிந்த நாடு நம்முடையது. உக்கடத்தில் மீன் விற்பவரும் சுமை தூக்குபவரும் இம்மருந்தை எங்ஙனம் வாங்குவர்?

இவ்வினாவுக்கு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை ஒரு வழி கண்டது. வழக்கமான அளவு இரு வாரங்களுக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அவர்கள் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டுமே அளித்தனர். முற்றிய தலை, கழுத்துப் புற்றுடைய 151 பேரிடம் நிகழ்ந்த அவ்வாய்வில், வாய்வழி மருந்துகளை மட்டும் பெற்றோருள் ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16.3 விழுக்காட்டினர், அவற்றோடு நிவோலுமாபும் பெற்றோருள் 43.4 விழுக்காட்டினர்.

இது முழு அளவோடு ஒப்பிட்ட ஆய்வு அன்று. நோயை வேரறுக்கும் மருந்தென்றும் கூறுவதற்கில்லை. தடை நீங்கிய காவலர் நுரையீரலையும் குடலையும் தாக்குவதும் உண்டு. எனினும், ஆறு வாரங்களில் 720 மில்லிகிராம் தேவைப்பட்ட இடத்தில் 40 மில்லிகிராமே பயன் தந்தது சிறு செய்தியன்று. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் உணவுக்கு வலியுறுத்திய அளவறிதல், மருந்துக்கும் பொருந்துமன்றோ!

ஆதலின், மருத்துவர் தக்கதெனக் கருதும் நோயாளர்க்கு இக்குறைந்த அளவு மருத்துவம் மாவட்ட அரசு மருத்துவமனைகள்தோறும் செலவின்றிக் கிடைத்தல் வேண்டும். சமுதாயப் பெரியோர் அதனை வற்புறுத்திக் கேட்க வேண்டும். தமிழ் பயிலும் மாணவர்க்கும் கடமையுண்டு: மூன்று வாரங்களாகியும் ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவரிடம் காட்டுமாறு வீடுதோறும் எளிய தமிழில் எடுத்துரையுங்கள். காலத்தே கண்ட நோய்க்குப் பெரும்பாலும் இவ்வளவு மருந்தும் வேண்டுவதில்லை.