பாட்டுப் பெட்டிக்குப் புழுக்கம்!

சித்திரை பிறந்துவிட்டால் ஊத்தங்கரையில் மனிதருக்குப் புழுங்குவதைப் போலவே பாட்டுப் பெட்டிக்கும் புழுங்குகிறது. மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவார். பெட்டி எங்கே போகும்? கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேசுக்குள், தலைமேல் ஒரு பூப்போட்ட துணியும், துணிமேல் ஒரு பொம்மையுமாக, வெந்துகொண்டே பாடுகிறது.

சில வருஷங்களில் அதன் குரல் கம்முகிறது. பாட்டோடு கூடவே 'உம்' என்று ஓர் இரைச்சல் வருகிறது. ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். "சூடு தாங்கலைங்க. பின்னாடி ஒரு சின்ன ஃபேன் போட்டுடலாம்" என்று அங்கே வைத்தியம் சொல்லப்படுகிறது.

இந்த வைத்தியம் பாதி நோயைத் தீர்க்கிறது. அதற்குக் கூலியாகப் புதிய நோய் ஒன்றைக் கொண்டுவந்து விடுகிறது. வீட்டில் கேட்கும் பெட்டிக்கு முதலில் வேண்டியது காற்றோட்டம். விசிறி அதற்குப் பிறகுதான்.

உஷ்ணம் எங்கிருந்து வருகிறது?

ஆம்ப்ளிபயர் மின்சாரத்தை வாங்கி, ஸ்பீக்கருக்குச் சப்தமாகக் கொடுக்கிறது. வாங்கியது முழுவதையும் அது கொடுத்துவிடுவதில்லை. பெரும்பாலான வீடுகளில் இருக்கும் 'ஏபி' வகை ஆம்ப்ளிபயர், ஏட்டுக் கணக்கில்கூட நூற்றுக்கு 78 பங்குக்கு மேல் கொடுக்க முடியாது. மெதுவாகப் பாடும்போது இந்த விகிதம் இன்னும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் உஷ்ணம். அந்த உஷ்ணத்தை வெளியேற்றத்தான் பெட்டிக்குள் சீப்புப் பல்லைப் போன்ற அலுமினியத் தகடு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் தகடு தன் சூட்டைக் காற்றிடம்தான் கொடுக்க வேண்டும். அந்தக் காற்றே சூடாக இருந்தால்?

ஓசூரும் ஊத்தங்கரையும் ஒரே கிருஷ்ணகிரி மாவட்டம்தான். ஆனால் ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊத்தங்கரையோ மிகவும் தாழ்ந்த சமவெளி. ஓசூரில் அறையின் உஷ்ணம் 28 டிகிரியாக இருக்கும் நேரத்தில் இங்கே 38 டிகிரி இருப்பதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். பெட்டியின் உட்புறம் அறையை விட 25 டிகிரி அதிகமாகச் சூடேறுமானால், அங்கே 53, இங்கே 63. ஷோகேசின் கண்ணாடிக் கதவையும் சாத்திவிட்டால் இன்னும் பத்துச் சேர்ந்து 73.

பத்து டிகிரிதானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. பெட்டிக்குள் உருளை வடிவத்தில் நிற்கும் கண்டென்சர்களுக்கு, உஷ்ணம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் துறையினர் கையாளும் பொதுக் கணக்கு. அந்தக் கணக்குப்படி, ஓசூரில் பத்து வருஷம் உழைக்கும் கண்டென்சர் ஊத்தங்கரையில் ஐந்து வருஷம். கதவு சாத்திய ஷோகேசுக்குள் இரண்டரை வருஷம்!

'உம்' என்ற இரைச்சலின் கதையும் இதுதான். வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலைகிறது. அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும் ஒரு சலசலப்பு மிஞ்சுகிறது. அதை அடக்கி வைப்பது கண்டென்சரின் வேலை. உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் வறண்டுபோனால் கண்டென்சர் தளர்ந்துவிடுகிறது. சலசலப்பு ஸ்பீக்கரில் வந்து முனகுகிறது. அந்த முனகலுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பழைய பெட்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உஷ்ணத்தைத்தான்.

விசிறி வந்த பிறகு

இப்போது சின்ன விசிறியைப் பொருத்தியாகிவிட்டது. பெட்டி குளிர்கிறது, உண்மைதான். ஆனால் விடாமல் 'விர்ர்' என்று ஒரு சப்தம். பாட்டில் மெல்லியவை எல்லாம் அதில் முழுகிப் போகின்றன.

மெல்லியவை என்றால் இலேசானவை என்று எண்ணிவிடக் கூடாது. சர் சி. வி. ராமன் 1921-ல் தம்பூராவையும் வீணையையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தம்பூராவின் குதிரை வளைவாக இருப்பதாலும், தந்திக்கு அடியில் ஒரு நூல் செருகப்படுவதாலும், ஒரே தந்தியிலிருந்து பல நுண்ணிய மேல்ஸ்வரங்கள் கிளம்புகின்றன என்று விளக்கினார். தம்பூராவின் ஜீவனே அவைதான். அவற்றை விசிறிச் சப்தத்துக்குப் பலி கொடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தந்தி.

கேட்பவர் என்ன செய்கிறார்? சப்தத்தைக் கூட்டுகிறார். மூன்று டெசிபல் கூட்டினால் போதும். ஸ்பீக்கருக்குப் போகும் மின்சக்தி இரண்டு மடங்காகிறது. ஆம்ப்ளிபயர் மேலும் சூடாகிறது. விசிறி மேலும் சுற்ற வேண்டும். போதாக்குறைக்கு அந்த விசிறி தெருப் புழுதியை உள்ளே இழுத்து, அலுமினியத் தகட்டின் பற்களுக்கு இடையே கம்பளி போர்த்துகிறது. ஒரு வருஷம் போனால் விசிறி சுற்றியும் சூடு குறையாது. பேய்க்குப் பயந்து பிசாசிடம் போன கதை!

"கோயில் திருவிழாவுக்கு வரும் ஒலிபெருக்கிக்காரர் எல்லாம் விசிறி வைத்த ஆம்ப்ளிபயர்தானே கொண்டுவருகிறார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாரதக் கூத்து நடக்கும் திடலில், ஆயிரம் பேர் நடுவில், விசிறிச் சப்தம் யார் காதில் விழப் போகிறது? அங்கே விசிறி அவசியம். வீடு அப்படி அல்ல. இரவு பத்து மணிக்கு, நெடுஞ்சாலையில் பஸ் சப்தம் ஓய்ந்து, குழந்தைகள் தூங்கிய பிறகு, மெதுவாக வைத்துக் கேட்கும் ஒரு பெரியவருக்கு அந்த 'விர்ர்' ஒரு தொல்லை.

அந்தக் காலத்துப் பெட்டி

1938 ஜூன் 16-ந் தேதி சென்னை வானொலி நிலையம் தொடங்கியபோது வீடுகளில் இருந்தவை வால்வு ரேடியோக்கள். வால்வு என்பது உள்ளே இழை கனன்றால்தான் வேலை செய்யும். இன்றைய பெட்டிகளை விட அவை அதிகமாகவே சூடாகும். ஆனாலும் விசிறி கிடையாது. பின்புற அட்டையில் வரிசையாகத் துளைகள் போட்டிருப்பார்கள். சுவரிலிருந்து தள்ளி, மேஜை மேல் வைப்பார்கள். அடியில் குளிர்ந்த காற்று நுழையும். மேலே சூடான காற்று வெளியேறும். சப்தமில்லாத, கரண்டு கேட்காத விசிறி அதுதான்.

1947 டிசம்பரில் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. பெட்டி சிறுத்தது, சூடு குறைந்தது. கூடவே, பெட்டிக்கு மூச்சு வேண்டும் என்ற நினைப்பும் குறைந்துவிட்டது.

என்ன செய்ய வேண்டும்?

பெட்டிக்கு மேலே ஒரு சாண், பின்னாலும் பக்கங்களிலும் நாலு விரல் இடைவெளி விட வேண்டும். ஷோகேசில்தான் வைத்தாக வேண்டும் என்றால், அதன் பின்பலகையில் அடியில் ஒரு திறப்பும், மேலே ஒரு திறப்பும் போடச் சொல்ல வேண்டும். பாடும்போது கதவைத் திறந்து வைக்க வேண்டும். பெட்டியின் தலைமேல் செட்டாப் பாக்சை ஏற்றக் கூடாது. ஸ்டெபிலைசரைத் தள்ளி வைப்பது நல்லது. அதற்கும் சொந்தமாகச் சூடும் சப்தமும் உண்டு.

"திறந்து வைத்தால் பல்லி புகுந்துவிடுமே, தூசி படியுமே" என்று இல்லத்தரசிகள் அஞ்சுவதில் அர்த்தம் இருக்கிறது. சூட்டை நாடி உள்ளே போகும் பல்லி, தானும் செத்துப் பெட்டியையும் கெடுக்கும். ஷோகேசின் திறப்புகளுக்கு, பல்லி நுழையாத, காற்று நுழையும் கம்பி வலை அடித்தால் போதும். துணி போர்த்தலாம், பாட்டை நிறுத்தி, பெட்டி ஆறிய பிறகு. மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துளைகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

பரிசோதனையும் சுலபம். பெட்டியின் மேல்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் கை தானாக விலகினால், அந்தப் பெட்டிக்கு இடம் போதவில்லை என்று அர்த்தம்.

இவ்வளவும் செய்த பிறகும் விசிறி வேண்டும் என்றால், சின்ன விசிறியை வேகமாக ஓட விடுவதை விட, பெரிய விசிறியை மெதுவாகச் சுற்ற விடுவதே புத்திசாலித்தனம். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் சப்தம் சுமார் 15 டெசிபல் இறங்கிவிடும்.

புதுப் பெட்டி வாங்குவோர் 'டி' வகை ஆம்ப்ளிபயரை விசாரிக்கலாம். நல்ல 'டி' வகை, வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு 90 பங்கு வரை சப்தத்துக்கே கொடுக்கும். அதையும் மூச்சு முட்ட அடைத்தால் பலன் குறைந்துபோகும்.

தச்சருக்கும் தயாரிப்பாளருக்கும்

குற்றத்தை வீட்டுக்காரர் தலையில் மட்டும் கட்டுவது தர்மம் ஆகாது. புது வீட்டில் அலமாரி அடிக்கும் தச்சர், பெட்டிக்கு அளவெடுப்பதுபோலக் காற்றுக்கும் அளவெடுக்க வேண்டும். பெட்டி செய்கிறவர்கள் தகட்டில் கஞ்சத்தனம் காட்டி, அந்தக் குறையை விசிறியால் மூடி மறைக்கக் கூடாது. கொஞ்சம் அலுமினியம் அதிகமாகப் போட்டால் செலவு ஒரு தரம், நிசப்தம் என்றென்றும். எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைப் பெட்டியின் மேலேயே, தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டால் இன்னும் புண்ணியம்.

ஒரு விஷயம் மறக்கக் கூடாதது. பல வீடுகளில் பழைய காசெட்டுகளைப் பாட்டுப் பெட்டியின் தலையிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள். தாத்தா பாடிய கூத்துப் பாட்டும், பாட்டியின் தாலாட்டும் அவற்றில் இருக்கும். சூட்டில் காசெட்டின் பிளாஸ்டிக் வளையும், நாடாவும் கெடும். பெட்டி போனால் வேறு வாங்கலாம். அந்தக் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இன்று சாயங்காலமே அவற்றை எடுத்து நிழலான, குளிர்ந்த இடத்தில் வைத்துவிடுவது நல்லது.