மூடியைப் போட்டு டெஸ்ட் செய்யுங்கள்

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவன் நான். ஆபீஸ்களில் கழித்துவிட்ட ஒல்லி டெஸ்க்டாப்பைக் கொண்டுவந்து, 'பையன் கேம் ஆட ஒரு குட்டி கிராபிக்ஸ் கார்டு போட்டுத் தாங்க' என்பவர்கள் இப்போது அதிகம். கேட்பதில் தப்பில்லை. 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி கார்டு 70 வாட்தான் இழுக்கும். மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் தருவதால் தனி பவர் கேபிள் வேண்டாம், எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டாம். 2022-இல் இதே பெயரில் வந்த 8ஜிபி கார்டு வேறு சரக்கு: 130 வாட், வேகமும் கூடுதல். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த புண்ணியவானை என்ன சொல்ல!

என் சண்டை இந்தக் கார்டுகளை டெஸ்ட் செய்யும் விதத்தோடுதான். விமர்சன வீடியோக்களில் காட்டும் வெப்பநிலை பெரும்பாலும் ஏசி அறையில், கேபினட்டே இல்லாமல், மேஜைமேல் பரப்பிவைத்து எடுத்தது. 22 டிகிரி அறையில் கார்டு 68 காட்டினால், அறையைவிட 46 டிகிரி கூடுதல் என்று அர்த்தம். மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறை 36 டிகிரியில் கொதிக்கும்போது அதே கார்டு 80-ஐத் தாண்டும். இல்லாவிட்டால் கட்டைவிரல் நீள ஃபேன் கீச்சென்று கத்தும். ஹீட்சிங்க் சின்னது, வேறு வழி கிடையாது.

முதல் சில நிமிடங்களின் வேகத்தை நம்பாதீர்கள். அப்போது ஹீட்சிங்க் இன்னும் சூடாகியிருக்காது. கேபினட் மூடியைப் போட்டு, அரைமணி நேரம் கனமான கேம் ஓட்டி, கார்டைக் கண்காணிக்கும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து வையுங்கள். வேகத்தைக் கட்டிப்போடுவது எது என்று அதில் ஒரு வரி சொல்லும். 'பவர்' என்றால் 70 வாட் வரம்பைத் தொட்டிருக்கிறது, கவலை இல்லை. 'தெர்மல்' என்றால் சூட்டைத் தாங்காமல் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. 3டிமார்க் மென்பொருளின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டும் நல்லதே: ஒரே காட்சியை 20 முறை ஓட்டி, பிரேம் வேகம் 97 சதவீதமாவது நிலையாக இருந்தால்தான் பாஸ் போடும். ஆனால் அதையும் ஏசியில் ஓட்டினால் என்ன பயன்?

அறையின் வெப்பநிலையைச் சொல்லாத டெஸ்ட்டை நான் டெஸ்ட்டாகவே மதிப்பதில்லை. விமர்சனம் செய்பவர்கள் அந்த ஒரு எண்ணைச் சேர்த்துப் போடட்டும். வாங்குகிறவர்கள், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன், கடைக்காரரிடம் மூடியைப் போட்டு அரைமணி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.