நன்னாரியைப் பயிராக்குவோம்

வேனிற்காலம் பிறந்ததும் கடைவீதிதோறும் நன்னாரி சர்பத்து விற்பனையாவது யாவரும் அறிந்ததே. ஆனால் அவ்வேர் எங்கிருந்து வருகின்றதென வினவுவோர் சிலரே. பயிரிட்டுப் பெறுவது சிறிதளவே. பெரும்பகுதி வேலியோரங்களிலும் புறம்போக்குகளிலும் காடுகளிலும் தானே முளைத்த கொடிகளினின்று தோண்டியெடுக்கப்படுகின்றது. இலை பறிக்கும் மூலிகை மீண்டும் தழைக்கும். வேருக்காக அகழப்படும் மூலிகையோ பெரும்பாலும் அன்றே அழியும். வடமொழியில் இதற்கு அனந்தமூலம், அதாவது முடிவில்லாத வேர், என்று பெயர். மண்வெட்டிக்கு முன் அவ்வேருக்கும் முடிவுண்டு. ஆதலின் நிலமுடையோர் இதனைப் பயிராகக் கொள்ளுதலும், கிராம அதிகாரிகள் எஞ்சியுள்ளதைக் காத்தலும் அவசியமென்பது எமது கருத்து.

நன்னாரி உடற்சூட்டைத் தணிக்கும், சிறுநீரைப் பெருக்கும், இரத்தத்தைச் சுத்தி செய்யும் எனச் சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் போற்றுவர். 1864-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருந்து நூலிலும் இது இடம்பெற்றது. எனினும் தற்கால ஆராய்ச்சிகளிற் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்திலும் பிராணிகளிடத்தும் நடைபெற்றவை. மனிதரிடத்து நடந்த சோதனைகள் குறைவு. எனவே இதனைச் சர்வரோக நிவாரணியென்று கூறி விற்பது முறையன்று. மேலும், கடைச் சர்பத்தில் வேரின் சாரத்தினும் சர்க்கரையே மிகுதி. நீரிழிவுடையோர்க்கு அது ஆகாது.

இல்லத்திலேயே நல்ல பானம் செய்துகொள்ளலாம். வேரைக் கழுவித் தட்டி, நடுவிலுள்ள கட்டையை நீக்கி, மேற்பட்டையைக் கொதித்திறக்கிய நீரில் இட்டு, இரவு முழுதும் மூடிவைத்துக் காலையில் வடித்துக்கொள்ள வேண்டும். மணம் பட்டையிலேயே மிகுதி. நெடுநேரம் காய்ச்சினால் அம்மணம் ஆவியோடு போய்விடும். எலுமிச்சஞ்சாறும் சிறிது வெல்லமும் சேர்ப்பின் வயலில் உழைத்து வருவோர்க்கு இனிய தாகசாந்தியாகும்.

நன்னாரி குறையக் குறைய, மாகாளிக் கிழங்கு அதற்குப் பதிலாகச் சந்தையிற் புகுகின்றது. இரண்டின் மணமும் ஏறக்குறைய ஒன்றே. ஆயின் செடிகள் வெவ்வேறு. நன்னாரி வேர் மெல்லியது. மாகாளி பருத்த கிழங்கு. மலைப்பாறைகளிடையே வளரும் மாகாளியும் அழியும் அபாயத்திலுள்ள இனங்களுள் ஒன்றாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தாற் குறிக்கப்பட்டுள்ளது. ஒன்றைத் தோண்டித் தீர்த்துவிட்டு மற்றொன்றைத் தீர்க்கப் புறப்படுதல் வியாபாரமுமன்று, விவேகமுமன்று.

நன்னாரியைப் பயிரிடுதல் கடினமன்று. நன்செய் நிலத்தை இதற்கென ஒதுக்க வேண்டுவதில்லை. நீர் தேங்காத வேலியோரமும் தோப்பின் மெல்லிய நிழலும் போதும். விதையாலும், தண்டு அல்லது வேர்த் துண்டுகளாலும் நாற்றுண்டாக்கி, மழைக்காலத் தொடக்கத்தில் நட்டு, படர்வதற்குக் கொழுகொம்பு தரலாம். வேர் பருக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். உடனே பலனை நாடுவோர்க்கு இது ஏற்றதன்று. ஆனால் சும்மா கிடக்கும் வரப்பினின்று கிடைப்பது எதுவும் இலாபமே. தோண்டும்போது பக்கவேர்களை மட்டும் எடுத்து, தாய்வேரின் ஒரு பகுதியை மண்ணில் விட்டு மூடினால் கொடி மீண்டும் துளிர்க்கும். எடுத்த வேரை நிழலில் உலர்த்துதல் வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு கடமையுண்டு. 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டப்படி ஊராட்சிதோறும் ஒரு குழுவும், ஊரிலுள்ள உயிரினங்களைக் குறிக்கும் ஒரு பதிவேடும் அமைதல் வேண்டும். அப்பதிவேட்டில் நன்னாரி வளரும் இடங்களைத் தவறாது குறித்தால், புறம்போக்கில் முறையின்றித் தோண்டுவோரைத் தடுக்க ஆதாரமிருக்கும். வேலியைச் சீர்செய்வோர் முள்ளோடு நன்னாரியையும் வெட்டியெறியாதிருக்கச் சொல்லி வைப்பதும் நன்று.

வரும் பருவமழையில் ஒவ்வொரு குடியானவரும் தம் வேலியோரத்தில் பத்துக் கொடியேனும் நடுவாராக. அடுத்த தலைமுறையினர் நன்னாரியின் பெயரை மட்டுமன்றி அதன் மணத்தையும் அறிவார்கள்.