வாய்க்கால் கரைக்கு இந்தப் பிராணி வேண்டாம்

சென்ற மாதம் பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி என்னைப் பார்க்க வந்தார். மூன்று ஏக்கர் தோட்டம், கொஞ்சம் தென்னை, இரண்டு கறவை மாடு, பத்து வெள்ளாடு உள்ளவர். கல்லூரியில் படிக்கும் மகன் செல்பேசியில் காட்டிய ஒரு பிராணியைப் பற்றிக் கேட்டார். "எலி சாதி என்கிறானுங்க. ஆனால் நம்ம கிடாயைவிடக் கனமாக இருக்கும்போல் தெரிகிறது. சாதுவாகத் தண்ணீரில் படுத்துக் கிடக்கிறது. ஒரு ஜோடி வாங்கி வளர்க்கலாமுங்களா? குட்டி விற்றுக் காசு பார்க்கலாமுங்களா?" என்றார்.

அந்தப் பிராணியின் பெயர் காப்பிபாரா. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. கொறிக்கும் பிராணிகளில் உலகிலேயே மிகப் பெரியது. வளர்ந்தால் 35 முதல் 65 கிலோ வரை இருக்கும். சாதுவானது என்பது உண்மைதான். ஆனால் அது கூட்டமாக வாழும் பிராணி. தனியாகக் கட்டிவைத்தால் ஏங்கிப்போகும். பகலில் பெரும்பொழுது தண்ணீரில் கிடக்க வேண்டும். கழிவதும் தண்ணீரில்தான். ஆகவே குட்டை கட்டினால் போதாது, தண்ணீரை மாற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். ஆயிரம் அடி போட்டும் ஆழ்குழாயில் தண்ணீர் எட்டாத நம் பகுதியில் அந்தத் தண்ணீர் தென்னைக்கு உரியது. இதன் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை, மரவேலியைக் கடித்துவிடும். எலிக்காய்ச்சல் கிருமி இதன் சிறுநீரிலும் இருக்கக்கூடும். நோய் வந்தால் மாடும் ஆடும் கோழியும் பார்த்துப் பழகிய நம் ஊர்க் கால்நடை மருத்துவர் எந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பார்?

இவையெல்லாம் வளர்ப்பவரின் சொந்தத் தொல்லை. என் கவலை அதைவிடப் பெரியது.

இங்கிலாந்து பட்ட பாடு

காப்பிபாராவின் நாட்டிலிருந்தே வந்த இன்னொரு பிராணி கோய்ப்பு. நியூட்ரியா என்றும் சொல்வார்கள். ஐந்து முதல் ஒன்பது கிலோ வரை எடையுள்ள நீர்வாழ் கொறிப்பான். தோலுக்காக வளர்க்கலாம் என்று 1929இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். பண்ணைகள் பல முளைத்தன. வேலி தாண்டிச் சில தப்பின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பண்ணைகள் மூடப்பட்டன, தப்பியவை பெருகின. 1950களின் இறுதியில் கிழக்கு இங்கிலாந்தில் சுமார் இரண்டு லட்சம் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். சர்க்கரைக் கிழங்கு வயல்களை மேய்ந்தன. வடிகால், ஆற்றுக் கரைகளில் வளை தோண்டிக் கரையைச் சரித்தன.

1962-63இல் வந்த கடுங்குளிர் பெரும்பகுதியைக் கொன்றது. மிஞ்சியவை மறுபடி பெருகின. 1981இல் 24 பேர் கொண்ட பொறிவைப்போர் படையை அரசு அமைத்தது. 1989இல்தான் கோய்ப்பு ஒழிந்தது என்று அறிவிக்க முடிந்தது. சில பண்ணைக்காரர்களின் ஆசையை அழிக்க ஒரு நாட்டுக்கு அத்தனை ஆண்டு பிடித்தது.

இதை நம் மண்ணில் வைத்துப் பாருங்கள். கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிறது. பெரும்பகுதி மண் கரை. காளிங்கராயன் வாய்க்கால் அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. கரையோரம் கரும்பு, வாழை, மஞ்சள், நெல். நண்டு வளையும் எலி வளையும் ஒரு வரப்பை என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். எட்டுக் கிலோ எலி கரையைக் குடைந்தால் என்ன ஆகும்? அங்கே அதை அடக்கக் கடுங்குளிராவது வந்தது. நமக்கு அதுவும் இல்லை.

2008ஐ மறக்கலாமா?

வெளிநாட்டு உயிரினம் ஒன்று ஊருக்குள் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்டது நம் கோவையில்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளை பூத்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகே தொல்லை அடங்கியது. பூச்சிக்கு ஒட்டுண்ணி கிடைத்தது. பெரிய எலிக்கு அப்படி எதுவும் கிடைக்காது.

லாப ஆசைக்கும் நமக்குப் பாடம் உண்டு. ஈமு கோழியைச் சொல்கிறேன். வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள், வாங்குவதற்கு ஆள் இல்லை. 2012இல் பெருந்துறையில் அந்த வியாபாரம் சரிந்தபோது பணம் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள், பறவைகள் தீனியின்றிக் கிடந்தன. அன்று பணம் போனதோடு போயிற்று. கொறிக்கும் பிராணி விஷயத்தில் அப்படி முடியாது. தீனி போட முடியாதவர் இரவில் பட்டியைத் திறந்துவிட்டால், அடுத்த தோட்டத்துக்காரரும் மடையின் கடைசியில் இருப்பவரும் சேர்ந்து நஷ்டப்படுவார்கள்.

இங்கு யார் இதையெல்லாம் வளர்க்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். 2022 மே மாதம் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய பயணியிடம் ஒரு குரங்கும் ஒரு வெள்ளை முள்ளம்பன்றியும் சிக்கின. முள்ளம்பன்றி பெயரில்தான் பன்றி. அதுவும் பெரிய கொறிப்பானே. இரண்டையும் தாய்லாந்துக்கே திருப்பி அனுப்பினார்கள். வாங்க ஆள் இருப்பதால்தானே கொண்டுவருகிறார்கள்?

உயிருள்ள விலங்கை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி அனுமதியும் நோய்த் தடுப்புச் சோதனையும் வேண்டும். சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதி வந்திருக்கிறது. "இது அந்தப் பட்டியலில் இல்லை" என்று தரகர் சொல்லலாம். அனுமதிக் காகிதம் இல்லாமல் வந்தது எதுவாயினும் கடத்தல் சரக்குதான். நம் காட்டு மலை அணிலையும் முள்ளம்பன்றியையும் பிடித்து வளர்ப்பதும் குற்றமே.

ஆகவே எந்தப் புதுப் பிராணியானாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை வாங்க உள்ளூரில் சந்தை உண்டா? வைத்தியம் பார்க்க ஆள் உண்டா? தப்பிப்போனால் யாருடைய வெள்ளாமை கெடும்? மூன்றுக்கும் பதில் கிடைக்காதவரை பணத்தை எடுக்காதீர்கள். ஏற்கெனவே யாராவது வைத்திருந்தால், சலித்துப்போய்க் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடாமல் வனத்துறைக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

வந்தவரிடமும் இதையே சொன்னேன். பையனுக்குப் பிராணி மேல் ஆசை இருந்தால் ஒரு ஜோடி முயல் வாங்கிக் கொடுங்கள்; சம்பாதிக்க ஆசை இருந்தால் பட்டியில் இன்னும் ஐந்து மேச்சேரிக் குட்டி சேருங்கள் என்றேன். விற்க நினைத்த வாரமே சந்தையில் விலைபோகும் உருப்படி அது.