விளையாட்டும் அறவுணர்வும்

அறம் என்னும் சொல்லைக் கேட்ட அளவில், அது நூல்களில் எழுதப்பெற்றுத் தேர்வில் ஒப்பிக்கப்பெறும் ஒரு பொருள் என்றே மாணாக்கர் பலர் எண்ணுகின்றனர். பொய் கூறலாகாது, பிறர் பொருளைக் கவரலாகாது என்பனவற்றை அறியாதார் எவரும் இலர். அறிந்திருந்தும் வேளை வரும்போது தவறுவோர் பலராக இருத்தற்குக் காரணம் யாது? நல்லது இது, தீயது இது என அறிதல் எளிது. தவறு செய்வதால் வரும் ஊதியம் கண்முன்னே நிற்கும்போதும், இரண்டு கடமைகள் தம்முள் முரணும்போதும், இன்னது செய்தலே தக்கது எனத் துணிதல் அரிது. அத்துணிவிற்குப் பயிற்சி வேண்டும். நீந்தப் பழகுவோன் முதலில் ஆழமில்லாத நீரில் இறங்குகின்றான். வெள்ளம் பெருகிய ஆற்றில் இறங்குவதில்லை. அறத்தைப் பழகுதற்கு அத்தகைய ஆழமில்லாத நீராக அமைவது விளையாட்டு ஆகும்.

‘விளையாட்டு வினையாகும்’ என்று பெரியோர் எச்சரிப்பதுண்டு. அவ்வெச்சரிக்கை பொருளுடையதே. எனினும், விளையாட்டைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாமல், அதன் உள்ளே புகுந்து நோக்கின், அறநூல்கள் எழுப்பும் வினாக்கள் பல ஆடுகளத்திலும் எழுதல் காணலாம்.

தமிழ்நாட்டு இல்லங்களில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்போர் பரமபத சோபான படத்தை விரித்து ஆடுதல் நெடுநாளைய வழக்கம். நற்செயலைக் குறிக்கும் கட்டத்தை அடைந்தவன் ஏணி வழியே மேலேறுவான். தீச்செயலைக் குறிக்கும் கட்டத்தை அடைந்தவன் பாம்பின் வாய்ப்பட்டுக் கீழிறங்குவான். இதற்கு இனமான ஆட்டங்கள் வடநாட்டில் ஞான சௌபர் முதலிய பெயர்களால் வைணவர், சமணர், சூஃபியர் ஆகிய பல சமயத்தாராலும் ஆடப்பெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாட்டம் இங்கிலாந்தை அடைந்தது. அங்கே சிக்கனம், உழைப்பு ஆகியவை ஏணிகள் ஆயின. சோம்பல், கீழ்ப்படியாமை ஆகியவை பாம்புகள் ஆயின. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டத்தில் பாம்புகளுக்கு மாற்றாகச் சறுக்குமரங்கள் அமைந்தன; சிறுவர்தம் நற்செயல்களும் குறும்புகளும் படங்களாக வரையப்பெற்றன. நாளடைவில் பல பலகைகளில் அறச்சொற்கள் மறைந்தன; ஏணியும் பாம்புமே எஞ்சின.

செயலுக்குப் பயன் உண்டு என்பதைச் சிறுவர் மனத்தில் பதிய வைத்தற்கு இவ்வாட்டம் மிகவும் ஏற்றது. ஆயினும் இதன்கண் ஒரு குறை உண்டு. செருக்கு என்னும் கட்டத்தில் வீழ்ந்தவன் செருக்குக் கொண்டமையால் வீழ்ந்தான் அல்லன். நான்கு வேண்டியவிடத்து மூன்று விழுந்தமையால் வீழ்ந்தான். ஈகை என்னும் ஏணியில் ஏறியவன் ஒரு காசும் ஈந்தவன் அல்லன். ஏறுதலும் இறங்குதலும் தாயக்கட்டையின் செயல்கள். ஆடுவோன் தேர்ந்து செய்ததாக யாதொன்றும் இல்லை. தேர்தல் இல்லாதவிடத்து அறம் எங்ஙனம் விளங்கும்? ஆதலின், இவ்வாட்டம் அறத்தின் பெயர்களைக் கற்பிக்கும், அறச்செயலைப் பழக்காது.

ஆடுவோன் தானே தேர்ந்து செயலாற்றும் ஆட்டம் ஒன்றை அமெரிக்க நாட்டுப் பெண்மணி எலிசபெத் மேகி என்பார் அமைத்தார். அதற்கு 1904ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ‘நிலக்கிழார் ஆட்டம்’ என்பது அதன் பெயரின் பொருள். ஹென்றி ஜார்ஜ் என்னும் பொருளியல் அறிஞரின் கருத்துகளில் அவர் ஈடுபாடு கொண்டவர். ஓர் ஊரில் மக்கள் கூடி வாழ்ந்து உழைப்பதனால் நிலத்தின் மதிப்பு உயர்கின்றது. அவ்வுயர்வால் வரும் ஊதியம் நிலமுடையார் ஒருவருக்கே செல்லாமல், வரியாகப் பொதுமக்களுக்குத் திரும்புதல் வேண்டும் என்பது அவ்வறிஞர் கொள்கை. இதனை நூலால் விளக்குவதினும் ஆட்டத்தால் விளக்குதல் எளிது என மேகி கருதினார். அவர் தம் ஆட்டத்திற்கு இருவகை விதிகளை வகுத்தார். ஒருவகையில், செல்வம் பெருகுந்தோறும் ஆடுவோர் அனைவரும் பயன் பெறுவர். மற்றொரு வகையில், நிலங்களைத் தன் கைப்படுத்தியவன் ஏனையோரை வாடகையால் வருத்தி, அவர்கள் கைப்பொருள் முற்றும் இழக்கச் செய்து வெற்றி பெறுவான்.

பலகை ஒன்றே, பகடை ஒன்றே, ஆடுவோரும் அவரே. விதி மாறிய அளவில் அவர்தம் நடத்தையும் மாறுகின்றது. வீட்டில் தங்கைக்குத் தன் பங்குப் பண்டத்தையும் தரும் தமையன், இவ்வாட்டத்தில் அவளுடைய கடைசிக் காசையும் வாடகையாகக் கேட்டுப் பெற்று மகிழ்கின்றான். அவன் கொடியவனா? அன்றி, அவன் ஆடும் ஆட்டத்தின் விதி கொடியதா? மக்களின் தீமையை அவர்தம் மனத்தில் மட்டும் தேடாமல், அவர்கள் வாழும் அமைப்பின் விதிகளிலும் தேடுக என்பதே மேகி கூறக் கருதியது.

அவ்வாட்டத்திற்குப் பின்னாளில் நேர்ந்ததும் சிந்திக்கத்தக்கதே. அதிலிருந்து கிளைத்த ஆட்டமொன்றைச் சார்லஸ் டாரோ என்பவர் தாமே புனைந்ததாகக் கூறிப் பார்க்கர் பிரதர்ஸ் என்னும் நிறுவனத்திற்கு விற்றுப் பெருஞ்செல்வர் ஆனார். அதுவே 1935ஆம் ஆண்டு முதல் ‘மோனோபொலி’ என உலகெங்கும் பரவியது. அந்நிறுவனம் மேகியின் காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. விற்பனையில் அவருக்குப் பங்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உலகம் ஏற்றுக்கொண்டதும் இருவகை விதிகளுள் பிறரை வறியராக்கும் விதியையே. இந்திய நகரங்களின் பெயர் பொறித்து, ‘பிசினஸ்’ என்று நம் நாட்டுச் சிறுவர் ஆடும் ஆட்டமும் அதன் வழிவந்ததே. தனியுடைமையின் தீமையைக் காட்டப் பிறந்த ஆட்டம், அத்தீமையில் இன்பம் காணும் ஆட்டமாக முடிந்தது. விளையாட்டு தானாகவே எவருக்கும் அறம் உணர்த்திவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. ஆடி முடிந்தபின் எண்ணிப் பார்ப்பவனுக்கே அது ஆசான் ஆகும்.

இனி, விதியை மீறாதவன் குற்றமற்றவன் ஆவனோ என்னும் வினா எழுகின்றது. இதற்கு மக்கள் பெரிதும் விரும்பும் கிரிக்கெட்டு ஆட்டத்தில் விடை தேடலாம். 1981ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தரும் மோதினர். ஒரு பந்தே எஞ்சியது. ஆட்டத்தைச் சமன் செய்ய நியூசிலாந்தருக்கு ஆறு ஓட்டங்கள் வேண்டியிருந்தன. ஆஸ்திரேலியத் தலைவர் கிரெக் சாப்பல், தம் தம்பி டிரெவர் சாப்பலை நோக்கி, பந்தைத் தரையில் உருட்டிவிடுமாறு பணித்தார். உருளும் பந்தை உயரே அடித்தல் இயலாது, ஆஸ்திரேலியர் வென்றனர். அவ்வாறு உருட்டுதலை அன்றைய விதி தடுக்கவில்லை. ஆயினும் இருநாட்டுப் பிரதமர்களும் அச்செயலைக் கண்டித்தனர். பின்னர் விதியும் திருத்தப்பெற்றது.

இதனோடு மற்றொரு நிகழ்ச்சியை ஒப்பிட்டுக் காண்க. 1987ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில், அக்டோபர் 16ஆம் நாள் லாகூரில் மேற்கிந்தியத் தீவினரும் பாகிஸ்தானியரும் ஆடினர். அங்கும் ஒரு பந்தே எஞ்சியது. பாகிஸ்தானியருக்கு வேண்டியவை இரண்டு ஓட்டங்கள். அவர்பால் எஞ்சியது ஒரே விக்கெட்டு. பந்தெறிய ஓடிவந்த கோர்ட்னி வால்ஷ், எதிர்முனையில் நின்ற சலீம் ஜாபர் கோட்டைக் கடந்து முன்சென்றிருத்தலைக் கண்டார். அவர் பந்தால் குச்சியைத் தட்டியிருப்பின் ஆட்டம் அப்போதே முடிந்து, வெற்றி அவரணிக்கு உரியதாகியிருக்கும். விதியும் அதற்கு இடம் தந்தது. வால்ஷ் தட்டவில்லை, எச்சரித்துவிட்டுத் திரும்பினார். அடுத்து அவர் எறிந்த பந்தில் அப்துல் காதிர் இரண்டு ஓட்டங்களையும் எடுத்தார். முதல் மூன்று உலகக் கோப்பைகளிலும் இறுதிப் போட்டியை எட்டிய மேற்கிந்தியத் தீவினர், அம்முறை அரையிறுதியையும் எட்டவில்லை.

சாப்பல் செய்தது தவறு, வால்ஷ் செய்தது சால்பு என்று கூறி அமைந்துவிடலாமோ? அமைந்துவிடலாகாது. மறுபக்கத்தையும் ஆராய்தல் வேண்டும். 1947ஆம் ஆண்டில் சிட்னி நகரில் இந்தியராகிய வினூ மன்காட், பில் பிரௌன் என்பாரை இம்முறையில் ஆட்டமிழக்கச் செய்தார். பலர் குறை கூறினர். எதிரணித் தலைவராகிய பிராட்மனோ மன்காட்டின் பக்கமே நின்றார். கோட்டைக் கடந்து களவாக முன்செல்பவன் அன்றோ முதற்கண் தவறு செய்தவன் என்பது அவர் போன்றோர் வாதம். 2022ஆம் ஆண்டில் மேரிலபோன் கிரிக்கெட்டுக் கழகம் இச்செயலை ‘முறையற்ற ஆட்டம்’ என்னும் பகுதியிலிருந்து எடுத்து, ‘ஓட்டத்தில் ஆட்டமிழத்தல்’ என்னும் பகுதியில் சேர்த்தது. அங்ஙனமாயின் வால்ஷின் செயல் பெருந்தன்மையா? தம் அணியினர்க்குச் செய்யத் தவறிய கடமையா? ஒரு வகுப்பு மாணாக்கர் இதனை வாதிடத் தொடங்கின், விதி வேறு, அறம் வேறு என்பதனை எவரும் கூறாமலே உணர்வர்.

இக்காலக் கணிப்பொறி ஆட்டங்களுள்ளும் இத்தகையன சில உள. 2013ஆம் ஆண்டில் லூகஸ் போப் என்பார் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ என்னும் ஆட்டத்தில், ஆடுவோன் ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடி அலுவலன் ஆகின்றான். வருவோர் சான்றிதழ்களை ஆராய்ந்து உள்ளே விடுதலும் மறுத்தலும் அவன் தொழில். சரியாக ஆராய்ந்து அனுப்பும் ஆள் ஒவ்வொருவருக்கும் கூலி உண்டு. தவறுகள் மிகின் தண்டம் உண்டு. அக்கூலியைக் கொண்டே குடும்பத்திற்கு உணவும் குளிர்காய நெருப்பும் வேண்டும். ஒருநாள் கணவன் ஒருவன் முறையான சான்றிதழ்களுடன் வருகின்றான். அடுத்து வரும் அவன் மனைவியிடம் வேண்டிய சான்றிதழ் ஒன்று இல்லை. அவளைத் திருப்பி அனுப்பின் விதி நிற்கும். விட்டால் இரக்கம் நிற்கும், ஆனால் தவறு கணக்கில் ஏறும். நாடகத்திலோ திரைப்படத்திலோ இக்காட்சியைக் காண்பவன் கண்ணீர் உகுத்துவிட்டு எழுந்து செல்லலாம். இங்கோ, முத்திரையை இடுகின்ற கை அவனுடையது. கதைக்கும் ஆட்டத்திற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

ஆட்டத்தில் இழப்பது போலிக் காசு ஆதலின், அதில் காட்டும் அறமும் போலியே எனச் சிலர் மறுப்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆட்டக் காசை வாரி வழங்கியவன் வள்ளல் ஆகான்; ஆட்டத்தில் பகைவனைச் சாய்த்தவன் கொலைஞனும் ஆகான். எனவே, ஆட்டத்தைக் கொண்டு ஒருவன் குணத்தை அளந்துவிடல் தகாது. ஆனால் நீர் ஆழமில்லாதது என்பதனால் அங்குக் கற்ற நீச்சல் பொய்யாவதில்லை. அன்றியும், போலிக் காசு மெய்க்காசாகும் இடத்தில் விளையாட்டு ஒழிந்து சூது தொடங்குகின்றது. வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரம் வகுத்துக் கடிந்தார். பாரதக் கதையில் தருமன் நாட்டையும் உடன்பிறந்தாரையும் மனைவியையும் வைத்திழந்த மேடையும் ஓர் ஆட்ட மேடையே. கைப்பேசியில் பணம் வைத்து ஆடி அழிவோர் இன்றும் உளர். இழப்பு ஆட்டத்தோடு முடிய வேண்டும். அது வீட்டு அடுப்பை அணைக்கலாகாது.

ஆகவே, ஆட்டம் முடிந்ததும் பலகையை மடித்துவிடாமல் சில வினாக்களை எழுப்புதல் நன்று. இவ்வாட்டத்தின் விதி எச்செயலுக்குப் பரிசு தருகின்றது? அப்பரிசைப் பெறுதற்கு ஆடுவோன் பிறருக்கு என்ன செய்தான்? விதி இடம் தந்தும் அவன் செய்யாது விட்டது யாது? இவ்வினாக்களுக்கு விடை காண முயலும் மாணாக்கன், நாளை ஒரு கடையிலோ அலுவலகத்திலோ ஊராட்சியிலோ பொறுப்பேற்கும்போது, விதி இருக்கின்றது என்பதனாலேயே தவறு செய்யத் துணியான். விதி கொடியதாயின் அதனை மாற்றவும் முயல்வான். மாணாக்கர் நன்கு விளையாடுக. விளையாடியபின் ஒருவரோடொருவர் அமர்ந்து, ஆடிய முறையை ஆராய்க.