உடல்நலம்: புடைப்புக்குக் கீழே

மழையில் பைக் வழுக்குகிறது. கையை ஊன்ற அவகாசமில்லை. ஓட்டியவரின் தோள்முனை நேராகத் தார்ச்சாலையில் மோதுகிறது. எழுந்து பார்த்தால் தோளின் உச்சியில் ஒரு மேடு. அழுத்தினால் அமுங்குகிறது, விட்டால் மறுபடி எழுகிறது. கபடியிலும் கால்பந்திலும் இதே விபத்து சகஜம்.

காரை எலும்பின் வெளிமுனையும் தோள்பட்டை எலும்பின் முகடும் சந்திக்கிற சிறிய மூட்டு அது. டாக்டர்கள் சுருக்கமாக ஏ.சி. மூட்டு என்பார்கள். அதைப் பிடித்துவைத்திருக்கும் ஜவ்வுகள் அறுந்தால் கையின் எடை தோளைக் கீழே இழுத்துவிடும். எலும்பு மேலே ஏறிவிட்டதாகத் தோன்றினாலும், உண்மையில் பெரும்பாலும் தோள்தான் இறங்கியிருக்கிறது. இந்தக் காயத்தை அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ராக்வுட் 1984-ல் ஆறு வகைகளாகப் பிரித்தார். இன்றும் சிகிச்சை அந்தக் கணக்கில்தான் முடிவாகிறது. முதல் இரண்டு வகைகளுக்குக் கையைத் தூளியில் தொங்கவிட்டு ஓய்வு, பிறகு பயிற்சி. கடைசி மூன்றுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை. நடுவில் உள்ள மூன்றாவது வகை பற்றி நிபுணர்களுக்குள் சச்சரவு ஓயவில்லை.

சிக்கல், கண்ணுக்குத் தெரிகிற அந்த மேடுதான். நோயாளி அதையே காட்டுகிறார். எக்ஸ்ரேயும் எலும்புகளின் இடைவெளியையே காட்டுகிறது. மோதிய வேகம் மேல்மூட்டோடு நின்றுவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. ஏ.சி. மூட்டுக்கு நேர் கீழே, கையைத் தூக்கவும் திருப்பவும் உதவும் ரொட்டேட்டர் கஃப் தசைநார்கள் செல்கின்றன. அதற்கும் கீழே பந்துக்கிண்ண மூட்டு. கிண்ணத்தைச் சுற்றி, தட்டுக்கு விளிம்பு கட்டியதுபோல, லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம். புஜத்தசையின் நீண்ட நார் இந்த வளையத்தின் உச்சியில்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. விழுகிற அதிர்ச்சியில் அந்த இடம் கிழியலாம். இவை எதுவும் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது.

எத்தனை பேருக்கு இப்படி? ஏ.சி. மூட்டு மோசமாக விலகிய 77 பேரின் தோளுக்குள் கருவிவிட்டுப் பார்த்த ஜெர்மானிய மருத்துவர்கள், 18.2 சதவீதத்தினருக்கு உள்காயம் இருந்ததாக 2009-ல் எழுதினார்கள். பெரும்பாலானவை வளையத்தின் உச்சியில் விழுந்த கிழிசல்கள். 2013-ல் வெளிவந்த இன்னொரு ஜெர்மானிய ஆய்வில் 125 பேரில் 38 பேருக்கு உள்ளே ஏதோ ஒரு பழுது.

ஆனால் இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. 38 பேரில் 9 பேருக்குத்தான் விபத்தினால் வந்த பழுது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. 18 பேருக்கு அது வயதின் தேய்மானம். மீதிப் பேருக்கு எது காரணமென்று பிரிக்க முடியவில்லை. ஸ்கேனில் கிழிசல் என்று எழுதியிருந்தால் அது கீழே விழுந்த அன்று வந்தது என்று அர்த்தமில்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது முக்கியம். மேலும், இவையெல்லாம் மேசைவரை போன கடுமையான காயங்களின் கணக்கு. லேசாகச் சுளுக்கியவருக்கும் அதே விகிதம் என்று சொல்ல முடியாது.

ஆகவே எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. தேவை, மேட்டைத் தாண்டித் தோளைச் சோதிக்கும் விரல்கள். ஏ.சி. மூட்டின் வலி உச்சியில் ஒரே புள்ளியில் இருக்கும். கையை மார்புக்குக் குறுக்கே மறுதோளுக்குக் கொண்டுபோனால் சுள்ளென்று இழுக்கும். அதைவிட்டு வலி ஆழத்தில் இருந்தால், கையைப் பக்கவாட்டில் தூக்கப் பலமில்லாவிட்டால், தலைக்குமேல் கொண்டுபோகும்போது உள்ளே 'டக்'கென்று சத்தம் கேட்டால், உள்ளேயும் பார்க்கச் சொல்ல வேண்டும். விரல்கள் மரத்துப்போனால் காத்திருக்கவே கூடாது. பைக் விபத்துகளில் கைக்கு வரும் நரம்புக் கொத்தும் அடிபடுவதுண்டு. இந்த நிலையில் எண்ணெய் போட்டு உருவிவிடுவது அறுந்த ஜவ்வை ஒட்டவைக்காது. வீணாக நாள்தான் போகும்.

ஸ்கேனும் தவறக்கூடியதே. வளையத்தின் சிறு கிழிசல்கள் சாதாரண எம்.ஆர்.ஐ.யில் தப்பிவிடும், மூட்டுக்குள் மருந்து செலுத்தி எடுத்தால் கூடுதல் தெளிவு. அறுவை சிகிச்சைதான் என்று முடிவானவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: ஆர்த்ராஸ்கோப் வழியாக உள்மூட்டையும் பார்ப்பீர்களா? தோலைத் திறந்து மேல்மூட்டை மட்டும் சரிசெய்தால் கீழே இருப்பது தெரியாது. உள்ளே பார்த்தால், சரிசெய்ய வேண்டிய கிழிசலை அதே மயக்கத்திலேயே தைத்துவிடலாம்.